இருபத்திரண்டு

ஊசி இருபத்திரண்டில் நிற்க வேண்டும்.
முப்பத்தொன்றில் நின்றது.
நான் பார்த்தேன்.

பாலிக் புலாவ் மலைச்சாலை, மூன்றாம் வளைவு,
முதுகில் ஆறு டன் சிமெண்ட்.
கியரை இறக்காமலே ஏறிக்கொண்டிருந்தது லோரி.
விசில் மட்டும் ஒரு சுருதி கூடியிருந்தது,
பருப்பு குழைந்தபின்னும்
யாரும் அடுப்பை அணைக்காத குக்கர் மாதிரி.

மூன்று வாரம் வாய் திறக்கவில்லை.
நெரிசல் கட்டுமுன் பாலத்தைத் தாண்டி
பிறையில் சாவியை ஆணியில் மாட்டி
ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருந்தேன்.
மகளை பேட்மிண்டனுக்கு
முதல் தடவையாக நானே கொண்டுபோய் விட்டேன்.
அவள் கோச் என்னை
வாடகைக் கார்க்காரன் என்று நினைத்தார்.

நேற்று, பாயா தெருபோங் தாண்டி, ஒரு வெடி.
துரியான் விழுந்தது என்றுதான் நினைத்தேன்.
கண்ணாடியில் பின்னால் கருப்புப் புகை.
புகைக்குள்ளிருந்து ஹாரன்கள்.
இன்டர்கூலர் ஹோஸ்
விலாவில் பிளந்து தொங்கியது.

"ஆங்ஙின் லெபே," என்றான் லிம் கீட் ஹோ,
லோரிக்கு அடியில் படுத்தபடி.
காற்று கூடிப்போச்சாம்.

கூடத்தான் செய்யும்.
எரிந்த புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது.
அதே தண்டில் இன்னொரு சக்கரம்
காற்றை அள்ளித் திணிக்கிறது.
திணிக்கத் திணிக்க எரியும்,
எரிய எரியச் சுற்றும்,
நடுவில் போதும் என்று சொல்ல
சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ்,
அவ்வளவுதான்.
திணித்த காற்றிலேயே ஒரு வாய் எடுத்து
தகர டப்பிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைத் தள்ளும்.
ஸ்பிரிங் தோற்கும் நொடியில்
வேஸ்ட்கேட் திறந்து
மிச்சப் புகை சக்கரத்தைத் தொடாமல்
பக்கவழியே போய்விடும்.
கூடுதல்தான் போய்க் கதவைத் தட்டுகிறது,
கூடுதல் வேண்டாம் என்று.

லிம் அந்த ஹோஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான்.
கன்னம்தான் உப்பியது.
உலுக்கினான்.
என் உள்ளங்கையில் விழுந்தது
ஓர் இரும்புக் குண்டு.
சைக்கிள் பேரிங்கில் இருக்குமே, அது.

இரவில் இதே லோரியை ஓட்டுகிறவன் மாசிலாமணி.
முகம் தெரியாது.
சீட்டை முன்னுக்கு இழுத்து வைப்பான், குள்ளமாக இருக்கலாம்.
கச்சான் தோலைக் கதவுப் பையில் விடுவான்.
ட்ரிப்புக்கு முப்பத்தைந்து வெள்ளி.
மலை சீக்கிரம் தீர்ந்தால்
நான்கு ட்ரிப் ஆறாகும்.
போன மாதம் வெயில் மறைப்பில்
அடகுக்கடைச் சீட்டு ஒன்று செருகியிருந்தது.
ஒரு சங்கிலி, இரண்டு வளையல்.
படித்துவிட்டு
அதே மடிப்பில் திரும்ப வைத்திருந்தேன்.

"எப்படிக் கிழிந்தது?" முதலாளி போனில் கேட்டார்.
"பழைய ரப்பர், பாஸ்."
லிம் என்னைப் பார்த்தான்.
பில்லில் ஹோஸ், ஒன்று
என்று மட்டும் எழுதினான்.
வெளியே வந்தபோது
என் சட்டைப் பையில் குண்டு சூடாக இருந்தது,
என் உடம்புச் சூடுதான்.

மாலைக் கடைசி ட்ரிப்பில்
ஊசி இருபத்திரண்டுக்கு வந்து
கொஞ்சம் நடுங்கி
அங்கேயே நின்றது.
மூன்றாம் வளைவில் மூன்றாம் கியர்.
அடுத்த வளைவில் இரண்டு.
பின்னால் ஒரு மைவி
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
பாலத்தில் மாட்டிக்கொண்டேன்.
மகள் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரில்
போய்விட்டிருந்தாள்.

இன்று காலை
ஸ்டீரிங்கில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு துண்டுச்சீட்டு.
கையெழுத்து நான் எதிர்பார்த்ததைவிட அழகு.
"அண்ணே, லோரி இழுக்க மாட்டேங்குது.
என்னான்னு பாத்தீங்களா?"

பார்த்தேன், என்று எழுதினேன்.
அதற்குக் கீழே
மூன்று வாரமும், என்று எழுதி
அடித்துவிட்டு
மறுபடியும் எழுதினேன்.

குண்டு இப்போது ஆஷ்ட்ரேயில் இருக்கிறது.
வளைவுக்கு வளைவு உருண்டு
அந்தப் பக்கம் முட்டி
இந்தப் பக்கம் வருகிறது.
எறிந்துவிட வேண்டும்.
இன்னும் எறியவில்லை.